16, 18, 21: மலேசியச் சட்டத்தில் பிள்ளைகளின் வயதுக் கணக்கு

செந்தூலில் நான் எடுக்கும் மாலை வகுப்பில் படிவம் 5 மாணவர்களிடம், "சட்டப்படி நீங்கள் எப்போது பெரியவர்கள்?" என்று கேட்டால் பாதிப்பேர் 18 என்பார்கள். சிலர் 21 என்று அடித்துச் சொல்வார்கள். ஐசி எனும் அடையாள அட்டை எடுத்த 12 வயதிலிருந்தே என்று நினைப்பவர்களும் உண்டு. பெற்றோரிடம் கேட்டால் குழப்பம் இன்னும் கூடும். நம் வீடுகளில் வயதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பையனுக்கு மீசை அரும்பினால் வளர்ந்துவிட்டான், பெண்ணுக்குச் சடங்கு சுற்றியாகிவிட்டால் பெரியவளாகிவிட்டாள், அவ்வளவுதான். சட்டம் பார்ப்பது பிறப்புப் பத்திரத்தில் இருக்கும் தேதியை.

அந்தத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டும் சட்டம் ஒரே பதிலைச் சொல்வதில்லை. 16 வயதில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கலாம், 17இல் கார் லைசென்ஸ். லாரியோ பஸ்ஸோ ஓட்ட வேண்டுமென்றால் 21 ஆக வேண்டும். சிகரெட்டையும் வேப் எனும் மின்சிகரெட்டையும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்கக்கூடாது. 2024 அக்டோபர் 1 முதல் இதற்கென்றே தனிச் சட்டம் நடப்பில் இருக்கிறது. மதுவுக்கு வயது 21. முன்பு அதுவும் 18ஆகத்தான் இருந்தது, 2017 டிசம்பர் 1ஆம் தேதி முதல் உயர்த்தினார்கள்.

வாக்குரிமை எதிர்த்திசையில் போனது. 21ஆக இருந்த வாக்காளர் வயதை 18ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2019 ஜூலை 16ஆம் தேதி மக்களவையில் 211 வாக்குகளுடன், ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் நிறைவேறியது. 2021 டிசம்பர் 15 முதல் அது அமலுக்கு வந்தது. 2022 நவம்பரில் நடந்த 15ஆவது பொதுத்தேர்தலில்தான் 18 வயதுப் பிள்ளைகள் முதன்முறையாக நாடு முழுக்க வாக்களித்தார்கள். அதே வயதில் வேட்பாளராக நிற்கவும் முடியும்.

ஏன் இப்படி ஆளுக்கொரு வயது? அடிப்படைச் சட்டம் ஒன்று இருக்கிறது. 1971இல் வந்த மிகச் சிறிய சட்டம் அது. 18 வயது நிறைந்தவர் பெரியவர் என்று அது பொதுவாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் திருமணம், மணவிலக்கு, தத்தெடுப்பு, சமயம் ஆகியவற்றில் நான் தலையிடமாட்டேன், வேறொரு சட்டம் வேறு வயது சொன்னால் அங்கே அதுவே செல்லும் என்றும் அந்தச் சட்டமே ஒதுங்கிக்கொள்கிறது. அதனால் 18 என்பது பொது விதி, மற்றவை எல்லாம் அந்தந்த விஷயத்துக்கென்று வைத்த வயது. ஒரு பிள்ளையைப் பற்றிக் கேள்வி வந்தால் "வயது என்ன" என்பதோடு "எந்த விஷயத்துக்கு" என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இந்த வயதுகளில் இரண்டு ரகம் இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒன்று, அனுமதி தரும் வயது: லைசென்ஸ், வாக்கு, சொந்தக் கையெழுத்து. இன்னொன்று, காப்பாற்றும் வயது: இந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் இன்னின்னதைச் செய்யாதே என்று பெரியவரைப் பார்த்துச் சொல்வது. நம்மவர்கள் இரண்டாவதையும் பிள்ளைக்குப் போட்ட கட்டுப்பாடாகவே படிக்கிறார்கள். "அவனே ஒத்துக்கொண்டான்", "அவளுக்கும் இஷ்டம்தான்" என்ற பேச்செல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. பாதுகாப்புச் சட்டங்களில் பிள்ளையின் சம்மதம் பெரியவருக்குத் தப்பிக்கும் வழி ஆகாது. அனுமதி வயதுகளில்கூடப் பெரியவர் முழுதாகத் தப்ப முடியாது. 14 வயது மகன் அப்பாவின் மோட்டாரில் கடைக்குப் போய் போலீசிடம் மாட்டினால், லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த குற்றம் அப்பாவையும் சேரும்.

முதலில் கையெழுத்து. 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. படிவம் 4 மாணவன் கடையில் தவணைக்குக் கைப்பேசி வாங்கிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவன்மேல் வழக்குப் போட முடியாது. கடைக்காரர்கள் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிவரச் சொல்வது இதனால்தான். அங்கே கையெழுத்துப் போடும் பெற்றோர், கடன் இனி தன்னுடையது என்று தெரிந்து போட வேண்டும். கல்வி உதவித்தொகை, கல்விக் கடன் ஒப்பந்தங்கள் இதற்கு ஒரு விலக்கு. 1976இல் செய்த திருத்தத்தின்படி, 18 ஆகவில்லை என்ற காரணத்தைக் காட்டி அவற்றிலிருந்து விலக முடியாது.

திருமணத்துக்கு வருவோம். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தை ஆள்வது 1976ஆம் ஆண்டுச் சட்டம். நடப்புக்கு வந்தது 1982 மார்ச்சில். ஆணுக்கும் பெண்ணுக்கும் குறைந்தபட்ச வயது 18. பெண்ணுக்கு 16 முடிந்து 18 ஆகாத நிலையில், மாநிலத்தின் மந்திரி பெசாரோ முதலமைச்சரோ சிறப்பு அனுமதி கொடுத்தால் மணம் முடிக்கலாம் என்றொரு வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது. அதை மூட வேண்டும் என்பதே என் கருத்து. பள்ளிக்கூட வயதுப் பெண்ணுக்கு அந்த அனுமதி எந்த நன்மையும் செய்ததாக நான் பார்த்ததில்லை. முஸ்லிம்களுக்கு அந்தந்த மாநிலத்தின் இஸ்லாமியக் குடும்பச் சட்டம், அதன் வயதுகள் வேறு.

18 முடிந்தால் எல்லாம் சரி என்றும் நினைத்துவிடக்கூடாது. 21 வயது ஆகாதவர் திருமணப் பதிவு செய்ய அப்பாவின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும், அப்பா இல்லையென்றால் அம்மாவுடையது. 20 வயதில் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கலாம். கல்யாணப் பதிவுக்கு மட்டும் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். பதிவில்லாமல் பிள்ளை பிறந்து, பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் சேர்க்க அலைந்து, கடைசியில் குடியுரிமை வரைக்கும் பிரச்சினை நீளும். தாயார் மலேசியர் இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் திருமணம் பதிவாகாத பெற்றோரின் பிள்ளைக்குக் குடியுரிமை தாய்வழியாகவே பார்க்கப்படும்.

சமய விஷயத்திலும் எல்லை 18. அதற்குக் கீழ் உள்ள பிள்ளையின் சமயத்தைப் பெற்றோர் முடிவு செய்வார்கள் என்பது அரசியலமைப்பின் 12ஆவது பிரிவு. பெற்றோர் என்றால் அப்பா, அம்மா இருவருமா, ஒருவர் போதுமா? இந்திரா காந்தி என்ற மலேசியத் தாய், கணவர் தன்னைக் கேட்காமல் பிள்ளைகளை மதம் மாற்றியதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2018 ஜனவரி 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: இருவரின் சம்மதமும் வேண்டும்.

இனி வேலை. இதை நம் கடைக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும் துணிக்கடைகளிலும் 17 வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் வேலைக்கு நிற்பார்கள். வேலை செய்வதில் தவறே இல்லை. ஆனால் 1966ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் வேலைச் சட்டம் அவர்களுக்கு நேரம் குறித்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி 15 வயதுக்குக் கீழ் இருந்தால் சிறுவர், 15 முதல் 18 ஆகும் வரை இளையோர். இளையோர் இரவு 8 மணியிலிருந்து காலை 6 மணி வரை வேலை செய்யக்கூடாது. ஒரு நாளைக்கு 7 மணி நேரம்தான். பள்ளிக்கும் போகிறார் என்றால் பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து 8 மணிக்கு மேல் போகக்கூடாது. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஆபத்தான வேலை எதுவும் கூடாது. இரவுச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து 11 மணிக்கு மேசை துடைத்துக்கொண்டிருக்கும் 16 வயதுப் பையன் அங்கே நிற்பதே சட்டத்துக்குப் புறம்பானது. சட்டம் கேள்வி கேட்பது முதலாளியிடம்.

15 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு இன்னும் இறுக்கம். சொந்தக் குடும்பத்தின் கடையில் சின்னச் சின்ன உதவி செய்யலாம், அதுவும் நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மிகாமல், இரவு 8 மணிக்குள் முடித்துக்கொண்டு. பள்ளி முடிந்து அம்மாவின் பூக்கடையில் உட்கார்ந்து மாலைக்குப் பூ எடுத்துக் கொடுக்கும் 13 வயதுப் பெண் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறாள். அதே பெண்ணை வேறொருவர் கடையில் கல்லாவில் உட்கார வைத்தால் அது வேறு விஷயம்.

இப்போது மிகவும் கனமான பகுதி. பாலியல் குற்றங்களில் சட்டம் வைத்திருக்கும் முதல் எல்லை 16. 16 வயது ஆகாத பெண்ணுடன் உடலுறவு கொள்வது, அவள் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும், குற்றவியல் சட்டத்தின் 375ஆவது பிரிவின்படி கற்பழிப்பு. தண்டனை 20 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. பெண்ணுக்கு 12 வயதுக்குக் கீழ் என்றால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 30. இரண்டு பேரும் பள்ளி மாணவர்கள், வயது வித்தியாசம் இரண்டே ஆண்டுதான் என்பதற்குத் தனி விலக்கு எதையும் சட்டம் எழுதி வைக்கவில்லை. 17 வயதுப் பையன்களிடம் இதை நேராகவே சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு விட்டுவிட்டால் அவர்கள் போலீஸ் நிலையத்தில்தான் முதல்முறையாகக் கேள்விப்படுவார்கள்.

இரண்டாவது எல்லை 18. 2017 ஜூலை 10 முதல் நடப்பில் உள்ள, சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாப் பிள்ளைகளையும், பையன்களையும் சேர்த்துத்தான், பாதுகாக்கிறது. பாலியல் நோக்கத்தோடு தொடுவது, தொடச் சொல்வது, ஆபாசமாகப் பேசுவது, படம் கேட்பது, படம் வைத்திருப்பது எல்லாம் இதில் வரும். தொட்டால்தான் குற்றம் என்ற பழைய எண்ணத்தை இந்தச் சட்டம் உடைத்துவிட்டது. கைப்பேசி விளையாட்டில் பழகி, "உன் பிரச்சினை எனக்கு மட்டும்தான் புரியும்" என்று நம்ப வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையை வசப்படுத்துவதே தனிக் குற்றம். அதற்கு 5 ஆண்டு வரை சிறை. அப்படிப் பழகிவிட்டு நேரில் சந்திக்கப் போனால் 10 ஆண்டு வரை.

செய்தவர் பிள்ளையின் நம்பிக்கைக்குரியவர் என்றால் தண்டனை இன்னும் ஏறும். பெற்றோர், உறவினர், ஆசிரியர், பராமரிப்பாளர் எல்லாம் அந்தக் கணக்கில் வருவார்கள். "18 ஆகியிருக்கும் என்று நினைத்தேன்" என்பதும் சும்மா எடுபடாது. வயதைத் தெரிந்துகொள்ள நியாயமான முயற்சி எல்லாம் எடுத்ததாக அவர் காட்ட வேண்டும். வேறு சாட்சி இல்லாவிட்டாலும் பிள்ளையின் வாக்குமூலத்தை மட்டுமே வைத்து நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லலாம் என்பதையும் இந்தச் சட்டம் உறுதிப்படுத்தியது. யாரும் பார்க்காத இடத்தில்தான் இந்தக் குற்றம் நடக்கும் என்பதைச் சட்டம் புரிந்துகொண்டிருப்பதன் அடையாளம் இது.

தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் குற்றம். இந்தச் சட்டத்தில் வரும் குற்றம் நடந்ததையோ நடக்கப்போவதையோ அறிந்தவர் போலீசில் தகவல் கொடுக்காவிட்டால் 5,000 ரிங்கிட் வரை அபராதம். நம் சமூகத்தில் இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து, "பெண்ணின் வாழ்க்கை கெட்டுவிடும், மாமா முறைதானே, விட்டுவிடுவோம்" என்று பேசி முடித்து எழுந்துபோவது தீர்வில்லை. அந்த மாமா இன்னொரு வீட்டுக்கும் போவார். அந்தப் பிள்ளைக்கோ, தன்னைவிடக் குடும்ப மானம் பெரிது என்று எல்லோரும் சேர்ந்து சொன்னதுதான் வாழ்நாள் முழுக்க நினைவில் நிற்கும்.

புகார் செய்யப் பயமாக இருந்தால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போகலாம். கோலாலம்பூர் மருத்துவமனை உட்படப் பெரிய மருத்துவமனைகளில் ஓஎஸ்சிசி என்ற சேவை இருக்கிறது. டாக்டர், போலீஸ், சமூகநல அதிகாரி என்று பிள்ளையை இடம் இடமாக அலைக்கழிக்காமல் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக வைத்தது அது. உடை மாற்றாமல், குளிப்பாட்டாமல் அழைத்துப் போவது நல்லது.

இனி, பிள்ளையே குற்றம் செய்ததாகப் போலீஸ் சொன்னால்? 10 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை எதைச் செய்தாலும் அது குற்றமாகாது. 10 முதல் 12 வரை, தான் செய்வதன் விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இல்லையென்றால் குற்றமாகாது. 12க்கு மேல் வழக்கு வரும், ஆனால் 18 ஆகும் வரை அது 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி நடக்க வேண்டும்.

பையன்கள் நாலு பேர் இரவில் பிளாட் படிக்கட்டில் உட்கார்ந்திருக்க, போலீஸ் வந்து வண்டியில் ஏற்றிப்போனது என்று வைத்துக்கொள்வோம். பெற்றோருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும், நன்னடத்தை அதிகாரிக்கும் சொல்ல வேண்டும். பெரிய குற்றவாளிகளோடு ஒரே அறையில் அடைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். கொலை போன்ற கொடிய குற்றமாக இருந்தாலோ, பையன் முரண்டு பிடித்தாலோ, தப்பி ஓடப் பார்த்தாலோ தவிர கைவிலங்கு கூடாது என்று 2016இல் செய்த திருத்தம் சொல்கிறது. பெற்றோர் அங்கே போகும்போது பிறப்புப் பத்திரத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஐசி பையனிடம் இல்லாமல் இருக்கலாம், ஆள் வாட்டசாட்டமாக இருந்தால் பார்ப்பவருக்கு 20 வயதாகத் தெரியலாம். மேலே சொன்ன எல்லா உரிமையும் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று உட்கார்ந்துவிடக்கூடாது. கைது, தடுப்புக்காவல், ஜாமீன் கட்டங்களில் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வக்கீல்கள் இலவசமாக வருவார்கள். மலாயில் ஒய்பிஜிகே என்று கேட்டால் நீதிமன்றத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சிறார் நீதிமன்றம் மற்ற நீதிமன்றம் போல இருக்காது. மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. பெற்றோர் கட்டாயம் வர வேண்டும், வராமல் இருப்பதே குற்றம். பிள்ளை குற்றம் செய்தது உறுதியானாலும், தண்டனை விதித்ததாக எழுதமாட்டார்கள். முடிவெடுக்கும் முன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் படிக்க வேண்டும்: வீடு எப்படி, பள்ளியில் எப்படி, யாரோடு சேர்க்கை என்றெல்லாம் அதில் இருக்கும். அந்த அதிகாரி வீட்டுக்கு வரும்போது பலர் பயந்துபோய் எல்லாவற்றையும் மறைக்கிறார்கள். உள்ளதைச் சொல்வதுதான் பிள்ளைக்கு நல்லது. எச்சரித்து அனுப்புவது, நன்னடத்தைப் பிணை, அபராதம், சமூகச் சேவை, சீர்திருத்தப் பள்ளி என்று பல வழிகள் நீதிமன்றத்துக்கு உண்டு. அபராதத்தைப் பெற்றோர் கட்ட வேண்டி வரலாம். 14 வயது ஆகாத பிள்ளையைச் சிறைக்கு அனுப்பவே முடியாது. அதற்கு மேல் என்றாலும் வேறு வழி இருக்கும்வரை சிறை கூடாது.

இப்படி வழக்கில் சிக்கிய பிள்ளை, பாதிக்கப்பட்ட பிள்ளை, சாட்சி சொன்ன பிள்ளை என யாருடைய பெயரையும் படத்தையும் ஊடகங்கள் வெளியிடக்கூடாது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை. "இந்தப் பையனைப் பார்த்தால் சொல்லுங்கள், திருடன்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் படம் சுற்றும்போது நான் இதைத்தான் நினைத்துக்கொள்வேன். முகம் தெரிந்த பிள்ளையின் படத்தைத் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.

பிள்ளையைக் கவனிக்காமல் விடுவதும் இதே சட்டத்தில் வருகிறது. அடித்துத் துன்புறுத்துவது, பட்டினி போடுவது, கைவிடுவது ஆகியவற்றுக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் விட்டுவிட்டுப் போவதும் குற்றம்தான். இரண்டு வேலை பார்க்கும் தனித்தாய் ஒருத்தி இதைப் படித்தால் மனம் பதறும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் சமூகநல இலாகாவில் உதவி கேட்கப் பயப்பட வேண்டாம். கேட்பவரிடமிருந்து பிள்ளையைப் பறிப்பதற்காக அந்த இலாகா இல்லை, குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையும் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும்.

கடைசியாக, 18 வயது ஆவதற்குள் முடிக்க வேண்டிய ஒன்று. குடியுரிமை இல்லாத பிள்ளைகளைப் பதிய அரசியலமைப்பின் 15ஏ பிரிவு அரசுக்குச் சிறப்பு அதிகாரம் தருகிறது. வெகுகாலம் இதற்கு வயது எல்லை 21. அதை 18ஆகக் குறைக்கும் திருத்தத்தை 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சிவப்பு ஐசியோடோ (நிரந்தரவாசிகளுக்குத் தரும் அட்டை) பத்திரமே இல்லாமலோ இருக்கும் பிள்ளை உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இருந்தால், எஸ்பிஎம் முடியட்டும் என்று காத்திருக்கச் சொல்லாதீர்கள். இந்த மாதமே தேசியப் பதிவிலாகாவுக்குப் போகச் சொல்லுங்கள். மற்ற எதற்கும், ஒரு பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்று தோன்றினாலே போதும், அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999க்கு எந்த நேரமும் அழைக்கலாம். ஆதாரம் திரட்டி வைத்துக்கொண்டுதான் அழைக்க வேண்டும் என்பதில்லை, விசாரிப்பது அவர்கள் வேலை.